கடலுக்கும் ஒரு பின்கட்டு வேண்டும்

அலங்காநல்லூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். காளை. வாடிவாசல். காணும் பொங்கலன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து, ஏதோ நாமே திமிலைப் பிடித்துவிட்ட மாதிரி விடுகிற பெருமூச்சு.

நான் சொல்லப்போவது மீனைப் பற்றி. அதிலும் கடல் மீன். அதிலும் பவளப்பாறை!

சிரிக்காதீர்கள். அலங்காநல்லூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். அந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கும் என் பால்ய சிநேகிதன் ஒருவன் வீடு கட்டுகிறான். மாடி ஹாலில் ஒரு பவளப்பாறைத் தொட்டி வைக்கப் போகிறானாம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். பிளானை விரித்துக் காட்டினான்.

"தொட்டிக்குப் பின்னாடி என்ன மாப்ள?"

"செவுரு."

"கீழே?"

"கப்போர்டு. மீன் தீனி வைக்க."

"சுத்தி நாலு பக்கமும் சுவரா நிக்கிற வாடிவாசலை எங்கயாவது பார்த்திருக்கியா?"

முறைத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாடிவாசலில் ஒரு காளை நம் கண்ணில் படுவது சில விநாடிகள். அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஏற்பாடு! ராத்திரியே வந்து வரிசையில் நிற்கும் காளைகள், கால்நடை டாக்டர்கள், டோக்கன் சரிபார்ப்பவர்கள், தண்ணீர், தீவனம், ஆம்புலன்ஸ். பின்னால் இடமில்லையென்றால் முன்னால் காட்சி இல்லை.

மீன்தொட்டியும் அப்படித்தான். இதை மனித குலம் கற்றுக்கொள்ளச் சுமார் நூற்றைம்பது வருடங்கள் ஆயிற்று. நடுவில் செத்த மீன்களுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

*

1846. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்க்கீ என்று ஓர் ஊர். விடுமுறைக்கு வந்த ஆனா தைன் என்ற சீமாட்டி கரையோரப் பாறையில் உயிருள்ள கெட்டிப் பவளத்தைப் பார்க்கிறார். ஆசை வந்துவிட்டது. ஊசி நூலால் அதை ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரப்பிய ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பாதிரியார். லண்டன் நடுவே இருக்கும் வீட்டில் கடல்நீருக்கு எங்கே போவது? கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்ததும், இருக்கிற தண்ணீரையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தார். திறந்த ஜன்னலருகே நின்றுகொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம்மூர் டீ மாஸ்டர் டீ ஆற்றுவார் இல்லையா? அதேதான். தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம். தண்ணீரில் காற்று கலந்தது. பவளம் பிழைத்தது.

ஊற்றியது சீமாட்டி அல்ல. வீட்டு வேலைக்காரப் பெண்.

பவளத்துக்கான உலகின் முதல் மோட்டார் பம்ப், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கைகள்! சரித்திரத்தில் ஆனா தைனுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் பின்கட்டோடு சரி. பவளத் தொட்டியின் பின்கட்டு சரித்திரம் அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

*

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டால் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டு உயிர் வாழும் என்பது சாராம்சம். செடி ஆக்ஸிஜன் தரும், மீனின் கழிவு செடிக்கு உரம், அழுகியதை நத்தை தின்றுவிடும்.

உண்மைதான். ஆனால் ஜனங்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? 'தண்ணீர் ஊற்றி விட்டுவிட்டால் போதும், தொட்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.'

1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. அடுத்த வருடம், அதற்கு உழைத்த ஃபிலிப் காஸ் 'அக்வேரியம்' என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டார். அந்தச் சொல் ஊரெங்கும் பரவியது. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை 1845-லேயே எடுத்துவிட்டதால் கண்ணாடி சல்லிசு. கடற்கரைக்கு ரயில் வேறு வந்துவிட்டது. கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு தொட்டி.

சில வருடங்களில் வெறி அடங்கிவிட்டது. காரணம் எளிது. நாற்றம்! அளவுக்கு மீறி மீன், அளவுக்கு மீறித் தீனி, தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓர் ஏற்பாடும் இல்லை. ஒன்று செத்தால் தண்ணீர் கெடும். தண்ணீர் கெட்டால் மிச்சமும் சாகும்.

இன்னொன்றும் நடந்தது. வாளியும் உளியுமாகப் போன கூட்டம் இங்கிலாந்துக் கரையோரப் பாறைக் குட்டைகளை வழித்து எடுத்துவிட்டது. காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் எழுதிய சுயசரிதை நூலில் இதைச் சொல்லிப் புலம்புகிறார். கடலை நேசிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா. அந்த நேசமே கரையைக் காலி செய்துவிட்டது.

இதை மனத்தில் வையுங்கள். நம்மூருக்கு வரும்போது தேவைப்படும்.

*

இப்போது நம் கதாநாயகர். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். பெரிய படிப்பாளி அல்ல. 1850-களில் லண்டனில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தவர். கடல்நீரையே விலைக்கு விற்றவர்! வெறி அடங்கியதும் கடை படுத்துவிட்டது. ஆனால் கடைக்காரருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. தோற்றது தொட்டிகள் அல்ல, தொட்டிக்குப் பின்னால் இல்லாமல் போன இடம்தான் தோற்றது.

1864-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மிருகக்காட்சிசாலையில் மீன்காட்சியகம் உருவானபோது அதன் பொறுப்பு லாய்டிடம் வந்தது. பிறகு 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவருடைய பெரும் படைப்பு. பிரைட்டன் கடற்கரையிலிருந்து ரயிலில் கடல்நீர் வந்து இறங்கியது.

லாய்ட் என்ன செய்தார்? ஜனங்கள் பார்க்கும் தொட்டிகளில் நிற்கும் நீரைவிடப் பல மடங்கு நீரை, தரைக்கடியில், இருட்டான தொட்டியில் நிறுத்தினார். நீராவி இயந்திரம் ராத்திரி பகலாக அந்த நீரை மேலே ஏற்றும். அது தொட்டி தொட்டியாக வழிந்து மறுபடி கீழே வந்து சேரும். ஏன் இருட்டு? வெளிச்சம் இல்லையென்றால் பாசி பிடிக்காது. ஏன் தரைக்கடியில்? வெயில் காலத்திலும் குளிர்ச்சி குறையாது. ஏன் அவ்வளவு நீர்? ஒரு மீன் செத்து அழுகினாலும் அந்த விஷம் பெரிய அளவு நீரில் நீர்த்துப் போகும். பம்ப், குழாயிலெல்லாம் தண்ணீர் படும் இடத்தில் உலோகம் கூடாது என்று கெட்டி ரப்பரைப் பயன்படுத்தினார். செம்பு துளி கலந்தாலும் முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு எமன். இன்றைக்கும் அதே விதிதான்.

இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன் 1874-ல் திறந்த புகழ்பெற்ற மீன்காட்சியகத்துக்கும் லாய்டின் ஆலோசனைதான் கைகொடுத்தது.

நான் பி.காம். படித்தவன். இரட்டைப் பதிவு முறை என்று முதல் வருடத்திலேயே தலையில் குட்டிச் சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. ஹாலில் தெரிகிற கண்ணாடி ஒரு பக்கம் என்றால், அதற்குச் சமமான எதிர்ப்பதிவு வீட்டில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். லாய்ட் எழுதியது அந்த இரண்டாவது பக்கத்தை.

*

நம்மூருக்கு வருவோம். 1909-ல் சென்னை மெரினா கடற்கரையிலேயே ஒரு மீன்காட்சியகம் திறந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் எண்ணம் அது. ராமேஸ்வரம் கடல் உயிர்களைப் பற்றி 1887-லேயே அறிக்கை எழுதியவர் அவர். 1919-ல் மீன்துறை அதை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடினார்கள். அதோடு கதை முடிந்தது. 1951-ல் பம்பாய் மெரைன் டிரைவில் தாராபொரேவாலா மீன்காட்சியகம் திறந்ததும் கடலை ஒட்டித்தான்.

கவனித்தீர்களா? இரண்டுமே கடலோரம். கடல் பக்கத்து வீடாக இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. 1961-ல் இந்தோனேஷியாவின் ஜகார்த்தாவிலிருந்து லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் பத்திரிகையில் எழுதி எல்லோரையும் அசர வைத்தார். வடிகட்டி கிடையாது. காற்றுக் குழாய், சூரிய வெளிச்சம், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை. அவ்வளவுதான். பவளம் செழித்தது! அந்தப் பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி வேலையை முடித்துவிடும். ஆனால் அவருக்குக் கடல் கூப்பிடு தூரம். கடலே அவருடைய பின்கட்டு.

கடல் தூரமாக இருக்கும் ஜெர்மன்காரர்கள் என்ன செய்தார்கள்? 'ஸ்கிம்மர்' என்ற கருவியை 1960-களில் பிரபலமாக்கினார்கள். வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் பொங்குகிற அழுக்கு நுரையை அரித்தெடுப்பார்களே, கரும்பு விளையும் அலங்காநல்லூர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தத்துவம். பொடிப்பொடியான காற்றுக் குமிழியைத் தண்ணீருக்குள் விட்டால் அழுக்கு நுரையோடு மேலே வந்து ஒரு கிண்ணத்தில் சேரும். உயிர்ப் பாறை, ஸ்கிம்மர், பலமான விளக்கு மூன்றையும் சேர்த்ததற்கு 'பெர்லின் முறை' என்று பெயர். 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய தொடர், தொட்டிக்குக் கீழே ஒரு வடிகட்டித் தொட்டி வைப்பதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. லாய்டின் பாதாளத் தொட்டி சுருங்கிக் கப்போர்டுக்குள் வந்துவிட்டது.

அந்தக் கீழ்த்தொட்டிக்கு இன்று உலகம் முழுக்க என்ன பெயர் தெரியுமா? சம்ப்! நம் வீட்டு வாசலில் மூடி போட்டு வைத்திருக்கிறோமே, அதே சம்ப்.

*

சரி, நண்பனின் பிளானுக்கு வருவோம். பேனாவை எடுத்தேன்.

முதலில் எடை. ஆறு, இரண்டரை, இரண்டரை. பெருக்கினால் முப்பத்தேழரை கன அடி. அதாவது 1,060 லிட்டர். கடல்நீர் நல்லதண்ணீரைவிடக் கனம். தண்ணீர் மட்டும் 1,080 கிலோவுக்கு மேல். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் சேர்த்தால் சுலபமாக 1,400 கிலோ. இது மொத்தமும் 15 சதுர அடியில் உட்காரும். சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ! வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தரவிதி எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மாடியில் வைப்பதென்றால் கட்டட எஞ்சினீயர் தனியாகக் கணக்குப் போட்டு, அதற்கென்று பீம் கொடுக்க வேண்டும். கொத்தனாரின் 'தாங்கும் சார்' போதாது.

அடுத்தது கரண்ட். 2012-ல் சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் எத்தனை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்? கரண்ட் போனால் பம்ப் நிற்கும். மேல்தொட்டியில் வழிந்துகொண்டிருந்த நீர், வழியும் விளிம்பு மட்டத்துக்கு இறங்கும்வரை கீழே கொட்டும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 35 லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் 70. குழாயில் நிற்பது தனி. ஆகவே 300 லிட்டர் சம்ப் என்றால் அதில் 100 லிட்டருக்கு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். விளிம்புவரை நிரப்பி வைத்தால் முதல் கரண்ட் கட்டிலேயே ஹாலில் கடல்!

ஸ்கிம்மர் இரண்டடி உயரம் வரும். நுரைக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவ அதற்கு மேலும் அரையடி வேண்டும். பலரும் கப்போர்டைக் கச்சிதமாகச் செய்துவிட்டுக் கிண்ணத்தைக் கழற்ற முடியாமல் முழிப்பது இங்கேதான்.

பிறகு இரண்டு டிரம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. முதல் தடவை நிரப்ப மட்டும் 35 கிலோவுக்கு மேல் கடலுப்புக் கலவை. சமையல் உப்பு உதவாது. வாரம் 100 லிட்டர் மாற்றினால் மூன்றரைக் கிலோ. அதைக் கலந்து வைக்க ஒரு டிரம். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும். அதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் இன்னொரு டிரம்மில்.

மதுரை வெயில் 40 டிகிரி. பவளத்துக்குச் சுகம் 24 முதல் 27 வரை. எனவே சில்லர். அது தண்ணீரைக் குளிர்வித்து, வெப்பத்தை வெளியே துப்பும். அதைக் கப்போர்டுக்குள் வைத்தால், துப்பிய வெப்பத்தையே மறுபடி விழுங்கும். காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும்.

ஸ்விட்ச் போர்டு தண்ணீருக்கு நேர் கீழே கூடாது, பக்கவாட்டில் உயரத்தில் இருக்கட்டும். வயர் போர்டுக்கு வருமுன் தொங்கி ஏறட்டும், ஒழுகும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தில் தானே அணையும் பிரேக்கர் கட்டாயம். தரையில் வாட்டம், ஒரு குழாய், ஒரு வடிகால், ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதன் வாளியோடு திரும்பி நிற்க இரண்டரை அடி.

கூட்டிப் பார்த்தோம். எட்டுக்கு ஆறு அறை ஒன்று முழுதாகத் தேவை. கப்போர்டு அல்ல.

காபி கொண்டுவந்த நண்பனின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். ராத்திரி கரண்ட் போயி, இவர் கொள்முதலுக்குத் திருச்சி போயிருந்தா, அந்தத் தண்ணியை யாரு பார்ப்பா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன். 1846-ல் ஜன்னலோரம் நின்ற அந்தப் பெண் மறுபடி வந்துவிட்டாள்!

"நீங்கதான்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்வெர்ட்டரில் பம்ப்புக்குத் தனி லைன், அதுவும் போனால் தானே ஓடும் பேட்டரி காற்றுப் பம்ப் என்று இரண்டு வரி சேர்த்து எழுதினேன்.

*

கடைசியாக ஒன்று. தொட்டிக்குப் பவளம் எங்கிருந்து வரும்?

"மண்டபத்துல ஆள் இருக்கு மாப்ள" என்றான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பல பத்து வருடங்கள் அங்கே பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினோம். அலையைத் தடுத்த பாறை போனதும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-ல் கெட்டிப் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. பவளம் வெட்டுவது ஏறக்குறைய நின்றது சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான். கடல் சூடாகி 2016-ல் வெளிறியதில் செத்தது தனிக் கணக்கு. இங்கிலாந்துக் கரை ஒரு தலைமுறையில் காலியானதைச் சொன்னேனே, அதை நாம் நகலெடுக்க வேண்டாம். 'வெளிநாட்டுச் சரக்கு சார்' என்று யாராவது சொன்னாலும் காகிதத்தைக் கேளுங்கள். அந்தக் காகிதம் சரியா என்று வனத்துறையைக் கேளுங்கள்.

அப்படியானால் கடல் தொட்டியே கூடாதா? தாராளமாக வைக்கலாம். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், 'நீமோ' படத்தில் வருமே அந்தக் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டன. பண்ணையில் பிறந்த மீன், செய்து வாங்கிய பாறை. கடலிலிருந்து ஒரு துண்டும் எடுக்க வேண்டாம். பாக்டீரியா தானே குடியேறும், கொஞ்சம் பொறுமை வேண்டும். யூரியா விற்பவனுக்கு நைட்ரஜன் கணக்குக் கசக்காது.

போன வாரம் மறுபடி போயிருந்தேன். தொட்டி மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. ஆறடி இப்போது நாலடி. ஹால் சுவருக்குப் பின்னால் எட்டுக்கு ஆறில் ஓர் அறைக்குக் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார். முதலில் அது அரிசி மூட்டை வைக்கிற ஸ்டோர் ரூமாக இருந்தது. நண்பனின் மனைவி விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரு நிபந்தனையோடு.

"அந்த ரூம் சாவி ஒண்ணுதான். அது அவர்கிட்டதான் இருக்கும்ணே."